விசாரணைக்கு முன்பு

தொழில் ஒழுக்கத்தைப் பற்றிய புகாருக்கு விடையிறுக்க ஒருவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்? சட்டம் பயிலும் மாணவர்கள் என்னைக் கேட்பின், 1919-ஆம் ஆண்டில் ஆமதாபாத்தில் தோன்றிய வழக்கையே எடுத்துரைப்பேன்.

ரௌலட் சட்டத்துக்கும், ஒரு குழு குறிப்பிடக்கூடிய பிற சட்டங்களுக்கும் பணிவதில்லை என்னும் சத்தியாக்கிரகப் பிரதிக்ஞையில் அந்நகர வழக்கறிஞர் சிலர் கையொப்பமிட்டனர். சட்டத்தால் வாழ்பவர் இவ்வாறு உறுதி கூறலாமா என்று ஜில்லா நீதிபதி கென்னடி, பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். கேள்வி பொருளற்றதென்று நான் கருதவில்லை. இந்திய வழக்கறிஞர் மன்றச் சட்டம் 1926-இல்தான் பிறந்தது. அந்நாளில் அவர்களுடைய சன்னது உயர் நீதிமன்றத்தின் கையிலிருந்தது. இறுதியில் அது எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது.

ஆனால் அவ்விசாரணை முடியுமுன்னரே, ஆகஸ்டு 6-ஆம் நாள், காந்தியடிகள் கென்னடியின் கடிதத்தைக் கண்டனக் கட்டுரையுடன் ‘யங் இந்தியா’வில் வெளியிட்டார். நிலுவையிலுள்ள வழக்கில் தலையிட்டதாக நீதிமன்ற அவமதிப்புக் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கறிஞர் ஒழுக்கத்தில் தொடங்கிய விவகாரம் பத்திரிகாசிரியர் ஒழுக்கத்தில் வந்து நின்றது!

மன்னிப்பு வாசகத்தை நீதிமன்றமே எழுதியனுப்பியது. அதை அச்சிட்டிருந்தால் அன்றே தொல்லை தீர்ந்திருக்கும். தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வக்கீல் தொழில் நடத்தியவருக்குச் சட்ட நுணுக்கங்களைத் தேடுவதும் அரிதன்று. இரண்டையும் விடுத்து, அவர் ஓர் எழுத்து வாக்குமூலம் தயாரித்தார். கடிதத்தை வெளியிட்டதை அவர் மறுக்கவில்லை. அது பத்திரிகாசிரியனின் உரிமையும் கடமையுமாகும் என்றார். அதே நிலை மீண்டும் வந்தால் மீண்டும் அவ்வாறே செய்வாராதலின், உள்ளத்தில் இல்லாத மன்னிப்பை உதட்டால் கூற இயலாதென்றும், தண்டனையை மரியாதையுடன் ஏற்பதாகவும் தெரிவித்தார்.

இவ்வாக்குமூலத்தை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் அதன் துணிவு மட்டுமன்று. எது நடந்தது, எதில் கருத்து வேறுபாடு என்பவற்றை அது தெளிவாகப் பிரித்துவிடுகிறது. குறுக்கு விசாரணையால் வெளிக்கொணர வேண்டிய இரகசியம் ஒன்றும் மிஞ்சவில்லை. குற்றஞ்சாட்டியவர்மீது வசையும் இல்லை. விசாரணைக்கு முன்பே, தம்மால் எதை விட்டுக்கொடுக்க முடியும், எதை முடியாது என்பதை அவர் தமக்குள் தீர்மானித்திருந்தார்.

1920 மார்ச்சு 3-ஆம் நாள் வக்கீல் எவரையும் அமர்த்தாமல் தாமே நீதிபதிகள் முன் நின்றார். 12-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அவமதிப்பு நிகழ்ந்ததென்றே நீதிமன்றம் முடிவு செய்தது. ஆயினும் சிறையோ அபராதமோ விதிக்கவில்லை. அவரையும் வெளியீட்டாளர் மகாதேவ தேசாயையும் கடுமையாகக் கண்டித்து, இனிமேல் இவ்வாறு நடவாதிருக்குமாறு எச்சரித்து அனுப்பியது.