ஆழ்கடல் வடமும் அளவைக் கலையும்

1858ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 5ஆம் நாள், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள வலென்சியாத் தீவுக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட தந்தி வடம் இரு கரைகளையும் சேர்ந்தது. விற்றோரியா மகாராணியார் அமெரிக்க அதிபருக்கு விடுத்த வாழ்த்து 16ஆம் நாள் அவ்வழியாக அனுப்பப்பட்டது. நியூயோர்க் நகரத்தார் விட்ட வாணவேடிக்கையில் நகர மண்டபத்தின் கூரையே தீப்பற்றிக்கொண்டது. ஆயின், அந்த வாழ்த்தில் இருந்தவை ஏறத்தாழ 98 சொற்கள். அவற்றை அனுப்பி முடிக்கச் சென்ற நேரமோ 16 மணி. மணிக்கு ஆறு சொல் வீதம் சமுத்திரத்தைக் கடந்த அச்செய்தியைக் கொண்டாடியோர், வடம் அப்பொழுதே நோயுற்றிருந்தது என்பதை அறிந்திலர். செத்தெம்பர் மாதத் தொடக்கத்தில் அதன் குரல் தேய்ந்தது. ஒற்றோபரில் அறவே அடங்கிற்று.

வடம் ஏன் இறந்தது என்னும் வினாவுக்கு அக்காலத்தவர் பலர் ஒரே விடை கூறினர்: வைற்ஹவுஸ் என்பவர் கொன்றார். பிறைற்றன் நகரில் அறுவை வைத்தியராயிருந்து மின்னியலில் ஈடுபாடு கொண்ட இவரே அத்திலாந்திக் தந்திக் கம்பனியின் மின்னியலாளர். நீண்ட வடத்திற்கு வலிய மின்னே வேண்டும் என எண்ணி, ஐந்து அடி நீளமான தூண்டற் சுருள்களைக் கொண்டு, ஏறத்தாழ 2,000 வோற்று எனப் பின்னர் மதிப்பிடப்பட்ட அழுத்தத்தை அவர் வடத்திற் செலுத்தினார். பிழையுள்ள காவலி இத்தகைய அடியைத் தாங்காதென்பது உண்மையே. எனினும் பழி முழுவதையும் அவர்மேற் சுமத்துதல் நியாயமன்று. வடத்தின் நோய் வலென்சியாவிலே தொடங்கியதன்று, ஆலையிலேயே தொடங்கியது.

1856இல் கம்பனி உருவாகியபோது, கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் அதன் இயக்குநருள் ஒருவரானார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. நீண்ட வடத்தில் மின்குறி தாமதமடையும் விதியை இவர் அதற்கு முன்னரே கணித்திருந்தார். வடத்தின் தடை நீளத்தோடு வளரும். மின்னை ஏற்று வைத்திருக்கும் கொள்ளளவமும் நீளத்தோடு வளரும். ஆகவே இவ்விரண்டின் பெருக்கத்தால் ஏற்படும் தாமதம் நீளத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமாகும். 200 மைல் வடத்திலும் 2,000 மைல் வடத்தில் தாமதம் பத்து மடங்கன்று, நூறு மடங்கு. இதற்குப் பரிகாரம், தடித்த செம்பும் தடித்த காவலியும் இடுவதே. வைற்ஹவுஸ் தம் சோதனைகளை ஆதாரமாகக் காட்டி இவ்விதியை மறுத்தார். வடத்திற்கான ஒப்பந்தமோ தொம்சன் கம்பனிக்குள் வருமுன்னரே அவசர அவசரமாக முடிந்துவிட்டது: கடல்மைலுக்கு 107 இறாத்தல் செம்பு, 261 இறாத்தல் கட்டாப்பேர்ச்சா. இந்தக் கட்டாப்பேர்ச்சா, மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் உறைந்து உண்டாவது. வெந்நீரில் இளகும், குளிரில் இறுகும். கடலடிக்கு இதைவிடச் சிறந்த காவலி அன்று இருக்கவில்லை.

வடத்தின் ஒரு பாதியை கிரினிச்சில் ஓர் ஆலையும், மறு பாதியை பேர்க்கன்கெட்டில் வேறோர் ஆலையும் செய்தன. புறத்தே சுற்றிய இரும்புக் கம்பிகளை ஓர் ஆலையார் வலமாகவும் மற்றை ஆலையார் இடமாகவும் முறுக்கிவிட்டனர்! இரு பாதிகளையும் நடுக்கடலிற் பொருத்தினால் ஒன்றன் முறுக்கை மற்றொன்று அவிழ்க்கும் என்பது வடம் முடிந்தபின்னரே தெரியவந்தது. அதற்கெனத் தனியான பொருத்து ஒன்றை அமைத்துச் சமாளித்தனர். ஆனால் இதனினும் பெரிய குறைகள் கண்ணுக்குத் தெரியாதவை. கோடை வெயிலில் முற்றத்திற் சுருண்டு கிடந்த வடத்தின் கட்டாப்பேர்ச்சா இளகியது. சில இடங்களிற் செம்புக் கம்பி நடுவிலிருந்து விலகி ஒரு பக்கமாய் ஒதுங்கிற்று. முற்றுப்பெற்ற வடத்தை நீருள் அமிழ்த்திச் சோதிக்கும் வழக்கம் இருக்கவில்லை. 1857இல் முதன்முறை இடும்போது 300 மைலுக்கு மேற்பட்ட நீளம் கடலுள் இறங்கியபின், ஏறத்தாழ 2,000 பாகம் ஆழத்தில் வடம் அறுந்தது. எஞ்சியது துறைமுகத்தில் ஒரு மாரி முழுவதும் கிடந்தது. அடுத்த ஆண்டு கப்பலில் ஏறி, யூன் மாதத்துப் பெரும் புயலிற் புரண்டு, பலமுறை அறுந்து, முடிவில் கடலடியை அடைந்தது.

தொம்சன் 1857இல் வேறொன்றையும் கண்டார். வெவ்வேறு ஆலைச் செம்பின் மாதிரிகளை அவர் அளந்தபோது, பார்வைக்கு ஒன்றேபோல் இருந்த கம்பிகளின் கடத்துதிறன் பெரிதும் வேறுபட்டது. ஆதலால் ஒவ்வொரு கம்பியும் அளக்கப்பட்ட பின்னரே ஏற்கப்படல் வேண்டும் என வற்புறுத்தினார். மேலதிகமாகச் செய்யப்பட்ட வடத்திற்கு அவ்வாறே நடந்தது. ஆலையொன்றில் மின்னளவை அன்றாடத் தொழிலாக நுழைந்த முதற் சந்தர்ப்பங்களுள் இஃதொன்று. இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பின்னர் மத்தீசன் என்னும் இரசாயனவியலார் ஆராய்ந்தார். ஆசனிக்கு முதலிய மாசுகள் சிறிதளவு கலந்தாலும் செம்பின் கடத்துதிறன் வெகுவாகக் குறையும். இசுப்பானிய நாட்டு ரியோ ரின்ரோச் செம்பு, தூய செம்பின் ஏழிலொரு பங்கே கடத்திற்று.

கப்பலில் அளத்தல் கரையில் அளத்தலைப் போன்றதன்று. கப்பல் உருளும், திசை மாறும், அதன் இரும்பு காந்த ஊசியை இழுக்கும். தொம்சன் அமைத்த கண்ணாடிக் கல்வனோமானியில், தானியமணி எடையேயுள்ள ஒரு சிறு கண்ணாடியின் பின்புறத்திற் காந்தத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. அதிற்பட்டுத் திரும்பும் விளக்கொளி தூரத்து அளவுகோலில் நகர்ந்து மின்னோட்டத்தைக் காட்டும். ஒளிக்கதிரே முள்ளாய் அமைந்தமையால் முள்ளுக்கு எடையில்லை. கடலுக்கென ஆக்கிய கருவியில் கண்ணாடியை மேலும் கீழும் இழுத்துக் கட்டிய பட்டிழையின் நடுவே, அதன் புவியீர்ப்பு மையத்தில், நிறுத்தினார். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் கண்ணாடி சாயாது. வலிய நிலைக்காந்தமொன்றும் மெல்லிரும்பு உறையும் கப்பலின் காந்தத்தையும் புவியின் காந்தத்தையும் வென்றன. 1858இன் வடம் சில கிழமைகளாவது பேசியது இக்கருவியின் நுண்மையாலேயே எனலாம். வைற்ஹவுசின் கருவிகளுக்குக் கேளாத மெலிந்த குறிகளை இது படித்தது. அச்சில கிழமைகளிலேயே, இந்தியக் கலகத்தின் பொருட்டுக் கனடாவிலிருந்து புறப்படவிருந்த இரு படைப்பிரிவுகளை நிறுத்தும் ஆணை அவ்வழி சென்று, பிரித்தானிய அரசினருக்கு 50,000 பவுணுக்கு மேல் மிச்சமாக்கிற்று.

இழப்பின் முழு அளவு அடுத்த ஆண்டுகளில் வெளிப்பட்டது. இந்தியாவை நோக்கிச் செங்கடல் வழியாக 1859-60இல் இடப்பட்ட வடமும் பழுதுற்று ஒழிந்தது. அதற்கு ஆண்டுதோறும் 36,000 பவுண் 50 ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக அரசு முன்னரே உறுதியளித்திருந்தது. பேசாத வடத்திற்குப் பொதுமக்கள் இறுத்த திறை அது. வணிகச் சபையும் அத்திலாந்திக் கம்பனியும் சேர்ந்து 1859இல் தளபதி கால்ற்றன் தலைமையில் ஒரு குழுவை நியமித்தன. வீற்ஸ்ரன், பெயர்பேண், லற்றிமர் கிளாக் முதலியோர் அதில் இருந்தனர். 1861இல் வெளிவந்த அறிக்கை கூறியவாறு, அதுவரை கடலில் இடப்பட்ட 11,364 மைல் வடத்துள் வேலைசெய்தவை ஏறத்தாழ 3,000 மைலே. குழுவினர் கண்ட முடிவு ஆழ்கடலைப் பழிக்கவில்லை. அங்குள்ள குளிரும் அமுக்கமும் கட்டாப்பேர்ச்சாவின் காவலைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டின. பகையாயிருந்தவை வெயிலும் அவசரமும் சோதனையின்மையுமே.

சோதனை வேண்டுமெனின் அலகு வேண்டும். ஓர் ஆலையின் தடையை மற்றோர் ஆலையின் தடையோடு ஒப்பிட எல்லோரும் ஏற்ற அளவு அன்று இல்லை; ஒவ்வொருவரும் தத்தம் கம்பிச் சுருளையே நியமமாகக் கொண்டனர். 1861இல் பிறைற்றும் லற்றிமர் கிளாக்கும் அறிஞர் பெயரால் அலகுகளை வழங்குமாறு பிரித்தானியச் சங்கத்தின்முன் கூறினர். தொம்சனின் தூண்டுதலால் அச்சங்கம் நியமங்களுக்கென ஒரு குழுவை அமைத்தது. மட்சுவெல், பல்வர் ஸ்ரூவேட், பிளீமிங் யென்கின் ஆகியோர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில், புவியின் காந்தப் புலத்திற் சுருளொன்றைச் சுழற்றித் தடையின் தனியளவைக் கண்டனர். 1865இல் நியமச் சுருள்கள் வழங்கப்பட்டன. அந்த ஓம் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்திருந்தமை பின்னர் அறியப்பட்டது. ஆயினும் எல்லோரிடமும் ஒரே பிழை இருந்ததால், ஆலையும் கப்பலும் கரையும் ஒரே மொழி பேசின.

1865இன் வடத்தில் கடல்மைலுக்கு 300 இறாத்தல் செம்பும் 400 இறாத்தல் கட்டாப்பேர்ச்சாவும் இருந்தன. உட்கம்பி முழுவதும் பரனைற்று 75 பாகை வெப்பமுள்ள நீரில் 24 மணி கிடந்தபின் அளக்கப்பட்டது. வெதுவெதுப்பான நீரிற் காவலி மெலிவதால், அங்கே தேறியது குளிர்ந்த கடலில் தவறாது. வடம் முழுவதையும் கிறேற் ஈஸ்ரேண் கப்பல் நீர்த்தொட்டிகளில் ஏற்றிச் சென்றது. இருந்தும் அம்முயற்சி தோற்றது. புறக்கம்பியின் முறிந்த துண்டுகள் காவலியைக் குத்தின. சதியென்றே பலர் ஐயுற்றனர். காவலிச் சோதனையும் குறிவிடுதலும் முறைவைத்து மாறி மாறி நடந்தமையால், பழுது புலப்படுமுன் அது கடலுள் மைற்கணக்கில் இறங்கிவிடும். அதை மீட்க வடத்தைத் திருப்பி இழுக்க வேண்டும். அவ்வாறு இழுத்தபோதே, ஆகத்து 2ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துக்கு ஏறத்தாழ 600 மைல் அப்பால் அது அறுந்தது.

1866இல் வில்லோபி சிமித் இக்குறையைப் போக்கினார். கரையில் வடத்தின் நுனிக்கும் கல்வனோமானிக்கும் இடையே மிகப் பெருந் தடையொன்றை அவர் வைத்தார். வடம் எந்நேரமும் மின்னேறியபடி சோதனைக்கு உட்பட்டிருக்க, அதே வேளையில் கரையும் கப்பலும் பேசின. யூலை 27ஆம் நாள் புது வடம் கரைசேர்ந்தது. செத்தெம்பரில் முந்திய ஆண்டின் வடமும் ஆழத்திலிருந்து தூக்கிப் பொருத்தப்பட்டது. அம்மாதமே லற்றிமர் கிளாக், இரு வடங்களையும் அக்கரையில் இணைப்பித்து, வலென்சியாவில் ஒரு பெண்மணியிடம் இரவல் வாங்கிய வெள்ளித் தையற் குப்பியிற் சில துளி அமிலமும் ஒரு துத்தநாகத் துண்டும் இட்டுச் செய்த கலத்தால், சமுத்திரத்தை இருமுறை கடந்து மீளும் குறியை அனுப்பினார். வைற்ஹவுசின் ஐந்தடிச் சுருள்களுக்கு அதைவிட மெல்லிய மறுமொழி வேறில்லை.

சிமித்தின் முறைக்கு வேண்டிய பெருந்தடைக்கெனப் பின்னர் செலீனியக் கோல்கள் எடுக்கப்பட்டன. அவற்றின் அளவீடுகள் நாளுக்கொன்றாய் மாறித் தொல்லை தந்தன. கோல் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் தடை குறைவதும், மூடினால் ஏறுவதும் வலென்சியா நிலையத்திற் கவனிக்கப்பட்டது. ஒளி பட்டால் மின்தடை மாறும் என்னும் இவ்வுண்மையைச் சிமித் 1873 பெப்ருவரியில் கிளாக்குக்கு எழுதிய கடிதமொன்றில் அறிவித்தார்.