ஆணியில்லாத் தோணி



2017ஆம் ஆண்டு மே மாதம் களுகங்கை பெருகி இரத்தினபுரி நகருக்குள் புகுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளம் வடிந்து பாடசாலை தொடங்கிய பின், தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சேர், நாங்களே ஒரு படகு செஞ்சா எவ்வளவு சல்லி போகும்?"

நாவாய், வங்கம், திமில், அம்பி, பஃறி என்று சங்க நூற் பெயர்களை ஒப்புவிக்க எனக்குத் தெரியும். அவற்றுள் ஒன்றைச் செய்ய என்ன வேண்டும் என்பது தெரியாது. அன்று தொடங்கிய தேடலே இன்றைய பேச்சு.

கலங்களின் வரலாறு என்றால் பெரியவற்றையே பேசுகிறோம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தமை பெருமைக்குரியதே. ஆனால், காசில்லாத மீனவன் கைக்கெட்டியதைக் கொண்டு கட்டிய சிறு பாய்த்தோணியை யார் பேசுகிறார்கள்?

1912இல் புகையிரதம் இரத்தினபுரிக்கு வரும்வரை களுகங்கையே எமது பெருவழிகளுள் ஒன்று. கூரை வேய்ந்த சரக்குத் தோணிகள் களுத்துறை வரை இறங்கும். அங்கே ஆறு கடலைச் சேருமிடத்தில், வேறொரு தோணி தொடங்குகிறது. சிங்களத்தில் 'ஒருவ' என்பார்கள். நீர்கொழும்பில் அது பாய் விரித்துச் செல்வதை இன்றும் காணலாம்.

அதன் அமைப்பு முழுவதும் சிக்கனத்தில் பிறந்தது. அடிப்பகுதி குடைந்தெடுத்த ஒரே மரம். ஒரு மரத்தின் பருமனுக்கு மேல் அகலம் கிடைக்காது. உள்ளே ஒருவர் காலை நுழைத்து இருப்பதே சிரமம். இவ்வளவு ஒடுங்கிய தோணி பாய் ஏற்றினால் கவிழும். ஆகவே வளைந்த இரு கழிகளை வெளியே நீட்டி, நுனியில் ஒரு மிதவைக் கட்டையைக் கட்டினார்கள். அதற்கு ஏற்றது 'லுணுமிதெல்ல' எனப்படும் மலைவேம்பு. பாரமற்ற மரம்.

மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்படியானால் திரும்பி வருவது எப்படி? தோணியைத் திருப்புவதில்லை! இரு முனைகளும் ஒரே மாதிரி. பாயை மறுமுனைக்கு மாற்றினால் பின்னே இருந்தது முன்னாகிவிடும். காற்று பலத்தால் ஆட்கள் கழியில் ஏறி மிதவைப் பக்கம் நகர்ந்து பாரம் கொடுப்பார்கள். அதனால் காற்றையே 'ஓர் ஆள் காற்று, ஈராள் காற்று' என்று அளந்தார்களாம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி, இலங்கைக் கடலில் இருபுறமும் முகப்புள்ள கலங்கள் ஓடுவதை எழுதியிருக்கிறார். ஒடுங்கிய நீர்வழியில் திருப்பவேண்டாம் என்பதற்காக அப்படி என்பது அவர் சொன்ன காரணம். 'ஒருவ'வைப் பார்த்தவர்களுக்குக் காற்றே காரணமென்று தோன்றும்.

அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைப்பார்கள். ஆணி இல்லை. 6ஆம் நூற்றாண்டில் புரொகோப்பியஸ் என்ற கிரேக்க மொழி வரலாற்றாசிரியர் இதற்கு விளக்கம் தேடினார். கடலில் காந்தப் பாறைகள் ஆணியைப் பிடுங்கும் என்ற கதையை அவர் நம்பவில்லை. இந்தியரிடம் இரும்பே இல்லை என்றார். அவர் எமது சபரகமுவைக்கு வந்து பார்த்திருக்கலாம். பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவவில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் 7ஆம் முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. இரும்பு இருந்தும் பலகையைத் தைத்தார்கள்.

ஏன்? உப்புநீரில் ஆணி துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். தும்பு உப்புநீரைத் தாங்கும். அலை தூக்கி மணலில் அறையும்போது தைத்த பலகை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கயிறு தளர்ந்தால் பிரித்து மீண்டும் தைக்கலாம், கொல்லனைத் தேடவேண்டாம். பொச்சுமட்டை வீட்டு வளவிலேயே கிடக்கிறது. இப்போது கண்ணாடியிழை அடிப்பகுதியும் இயந்திரமும் வந்துவிட்டன. அவை உடைந்தால் கடைக்குத்தான் போகவேண்டும்.

இவற்றையெல்லாம் அந்த மாணவனிடம் சொன்னேன். இரு வாரம் கழித்து, ஒரு முழ நீளத் தோணியொன்றைக் கொண்டுவந்தான். பலகை தும்பால் தைக்கப்பட்டிருந்தது; பாய் பழைய மாப் பையின் துணி. பாடசாலைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டோம். உடனே கவிழ்ந்தது. மிதவை காற்றுக்கு மறுபக்கத்தில் இருந்தது.

அவன் தோணியைத் திருப்பப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, பாயைக் கழற்றி மறுமுனையில் கட்டத் தொடங்கினான்.