இருக்கை உரிமை (தமிழ்நாடு)

கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் இடையிடையே உட்காருவதற்குச் சட்டம் தந்துள்ள உரிமை. சென்னை தியாகராய நகரின் ஜவுளி, பாத்திரக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி விற்பவர்களில் பலர் தென்மாவட்டத்து இளைஞர்கள். கடை தரும் விடுதியிலேயே தங்குவதால், வேலை போனால் படுக்க இடமும் போய்விடும். ரங்கநாதன் தெருவைக் களமாகக் கொண்ட வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) இவ்வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. கேரளம் 2018இல் முந்திக்கொள்ள, தமிழ்நாடு தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைப்பதைக் கட்டாயமாக்கியது. மேற்பார்வையாளர் கண்ணெதிரே அதில் உட்காரத் துணிச்சல் வருமா என்பது வேறு கேள்வி. இருக்கை ஒருபுறமிருக்க, முன்பணக் கடனைக் காட்டி ஊழியரை வேலையிலிருந்து போகவிடாமல் வைத்திருப்பது தனிக் குற்றம். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. அபராதம் மட்டும் 2,000 ரூபாயைத் தாண்டாது.