தன்னுடலே தனக்குப் பகையாதல்

கழுத்தின் முன்புறம் வீங்கக் கண்டால், உப்பில் அயடீன் போதாது என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். இலங்கையில் 1995ஆம் ஆண்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்ட பின்னரும் அவ்வீக்கம் காணப்படுகின்றதே, ஏன்? உடம்பைக் காக்கவேண்டிய படையே தைரொயிட்டுச் சுரப்பியைத் தாக்குவது ஒரு காரணம். அது வெளிப்பட்ட வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

யப்பானின் புக்குவோக்கா நகரிலே சத்திரவைத்தியராயிருந்த ஹக்காரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அகற்றிய சுரப்பிகளை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். வெண்குருதிக் கலங்கள் தேர்த்திருவிழாக் கூட்டம்போல் அங்கே நெருங்கிக் கிடந்தன. முன்னர் எவரும் எழுதாத நோய் இது என்று 1912இல் ஜேர்மன் சஞ்சிகையொன்றில் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 31. மேனாட்டார் பலர் அதனை வேறொரு நோயின் ஆரம்பநிலை என்று ஒதுக்கினர். அவரோ சொந்த ஊருக்குத் திரும்பி, ஊர் வைத்தியராகவே இருந்து 1934இல் மறைந்தார்.

அக்கலங்கள் அங்கே கூடியது ஏன் என்று ஆராயாமற் போனதற்குப் பெரியார் ஒருவரின் வாக்கும் காரணமாயிற்று. ஜேர்மனியரான போல் ஏர்லிக், ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் குருதியை ஏற்றியபோது அதனை எதிர்க்கும் பொருள் தோன்றக் கண்டார். தம் குருதியையே ஏற்றியபோது தோன்றவில்லை. தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள உடல் அஞ்சும் என்றார். அதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு என்பதே அவர் கருத்து. பின்வந்தோர் அவ்வாறு நிகழவே மாட்டாது என்று விதியாக்கிக்கொண்டனர். ஆசிரியர் சொல்லிலும் மாணவர் கொண்ட பொருள் கடுமையாகிவிடுவது வைத்தியத்தில் மட்டுமா?

அமெரிக்காவின் பபலோ நகரில், விற்றெப்ஸ்கி என்பாரின் ஆய்வுகூடத்தில் நோயல் ரோஸ் என்னும் இளைஞர் முயல்களின் தைரொயிட்டுச் சாற்றை முயல்களுக்கே ஏற்றினார். எதிர்ப்பொருள் தோன்றிற்று, சுரப்பியும் ஹஷிமோட்டோ கண்டவாறே பழுதுற்றது. ஏர்லிக்கின் வழிவந்த விற்றெப்ஸ்கி எளிதில் நம்பினாரல்லர். மீண்டும் மீண்டும் சோதித்து, 1956இலேயே வெளியிடச் செய்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் டோனியாக் அம்மையார், ரொயிற், கம்பெல் முதலியோரும் அவ்வுண்மையைக் கண்டனர். வீங்கிய சுரப்பியை அகற்றியபின், நோயாளரின் குருதியில் மிகுந்திருந்த காமாகுளோபுலின் குறைவதைக் கவனித்தவர் அம்மையார். ஆகவே அதனைத் தூண்டுவது சுரப்பியே அல்லவா? நோயாளரின் குருதித் தெளியத்தை மனிதச் சுரப்பிச் சாற்றோடு சேர்த்தனர், வீழ்படிவு தோன்றியது. தமிழிலே நாம் ‘பிறபொருளெதிரி’ என்கின்றோம். இங்கு அது எதிர்த்தது தன்பொருளையே!

இன்று குருதிச் சோதனையால் இந்நோயை அறியலாம். பெரும்பாலோர்க்குக் கத்தி வேண்டியதில்லை. இது பெண்களையே மிகுதியும் பற்றுவது. களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல், மறதி என மெல்ல வரும். நம் வீடுகளில் இதற்குச் சோம்பல் என்றே பெயர்! தாயோ தமக்கையோ அவ்வாறு சோர்ந்திருப்பின், ஏசுமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சுரப்புக் குறைந்திருந்தால் தைரொக்சின் குளிசை தருவர். அதனை நாள்தோறும் காலையில் வெறுவயிற்றில் நீருடன் விழுங்கவேண்டும். தேநீர் அரை மணி கழித்தே.