இப்பொலிட்டஸ் நாடகமும் ஒரு சூளுரையும்

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில், கி.மு. 428-ஆம் ஆண்டு டயனைசஸ் பெருவிழாவில் யூரிப்பிடீஸ் என்னும் புலவர் அரங்கேற்றிய இப்பொலிட்டஸ் நாடகம் முதற் பரிசு பெற்றது. சோபக்ளீசின் மகனாகிய இயோபன் இரண்டாமிடமும், இயோன் என்பார் மூன்றாமிடமும் எய்தினர். இக்கதையை யூரிப்பிடீஸ் முன்னரும் ஒருமுறை நாடகமாக்கியிருந்தார். அதன்கண் தகாதனவாய் நின்றவை பின்னதிற் களையப்பட்டன என்று பழைய முன்னுரை கூறும். முன்னது இறந்துபட்டது, சில துணுக்குகளே எஞ்சின.

திரீசன் நகரில் வாழும் இளவரசன் இப்பொலிட்டஸ் கன்னித் தெய்வமாகிய ஆர்ட்டிமிசை வழிபட்டு, காமத்திற்குரிய அப்ரொடைட்டியை இகழ்கின்றான். வெகுண்ட அத்தெய்வம் அவன் மாற்றாந்தாய் பீத்ராவின் உள்ளத்தில் அவன்பாற் காதலை மூட்டுகின்றது. அவள் அதனை மறைத்து மாளத் துணிகின்றாள். செவிலியோ, பிறர்க்கு உரையாவண்ணம் அவனிடம் சூள் பெற்றுக்கொண்டு செய்தியை வெளியிடுகின்றாள். மானத்திற்கு அஞ்சிய பீத்ரா, அவன்மேற் பழியேற்றி எழுதிய பலகையைக் கையிற் பிணித்துக்கொண்டு தூக்கிட்டு மாய்கின்றாள். அதனைக் கண்ட அவள் கணவன் தீசியஸ், பொறாமைத் தீயால் அறிவிழந்து, கடற்றெய்வமாகிய பொசைடன் அளித்த வரத்தால் மகனைச் சபித்து நாடு கடத்துகின்றான். கடலினின்றெழுந்த காளையைக் கண்டு குதிரைகள் வெருள, இப்பொலிட்டஸ் தேரோடு இழுப்புண்டு சிதைகின்றான். பின்னரே ஆர்ட்டிமிஸ் தோன்றி உண்மை உணர்த்துகின்றாள். மகனும் தந்தையை மன்னித்து உயிர்விடுகின்றான்.

ஈண்டு ஆராயத்தக்கது அச்சூளே. செவிலியின் சொற்கேட்டு வெகுண்டபோது, நாவளவில் உரைத்த சூள் தன் நெஞ்சைப் பிணியாது என்னும் கருத்துப்பட இப்பொலிட்டஸ் ஓர் அடி கூறுகின்றான். ஏதென்ஸ் மக்கள் அவ்வடியையே பற்றிக்கொண்டனர். கி.மு. 405-இல் அரங்கேறிய தவளைகள் என்னும் நகை நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் அதனை எள்ளினார். சொத்து வழக்கொன்றில் ஹிகியேனன் என்பவன், பொய்ச்சூளுக்கு வழிகாட்டியவர் என்று அப்புலவர்மேற் குற்றஞ் சாட்டினான் என்பது அரிஸ்டாட்டிலின் சொல்லணி நூலால் அறியப்படும். அரங்கின் தீர்ப்புக்குரியதை நீதிமன்றத்திற்குக் கொணர்தல் முறையன்று என்று புலவர் விடையிறுத்தாராம்.

நாடகத்தை முற்றும் நோக்குவார்க்கு உண்மை வேறாகும். தந்தை முன்னிலையில் ஒரு சொற் கூறியிருப்பின் இப்பொலிட்டஸ் உய்ந்திருப்பான். சூளுக்கு அஞ்சி அதனை அவன் கூறவில்லை. சினத்தில் மறுத்த சூளைச் செயலிற் காத்தே மாய்ந்தான். தீசியசோ காலத்தையும் கருதாது, நிமித்திகரையும் வினவாது, ஒரு பலகையின் எழுத்தையே சான்றாகக் கொண்டு மாசற்றவனை அழித்தான். ஓரடி கொண்டு புலவரைப் பழித்தோரும் அவன் செய்த பிழையையே செய்தனர். ஒரு நூலின் கருத்தை ஒருவன் கூற்றிலன்றி, நூல் முழுதின் போக்கிற் காண்டலே முறையாம்.