மாத்தளைத் தேரும் மன்னார் வீதியும்

நாலந்தாவில் பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் யாராயிருந்தாலும் கேட்பது கெடிகேக்கு வழிதான். ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீற்றர் உள்ளே போனால் போவதென்ன நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது அந்தக் கற்கட்டடம். பார்த்தால் மாமல்லபுரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பௌத்தர்கள் வழிபடக் கட்டியது. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். மகாவலித் திட்டத்தில் சுற்றியிருந்த வயல்களோடு அதுவும் மூழ்கப்போகிறது என்றானபோது, 1975இல் கல் கல்லாகக் கழற்றி, 1980இல் மேட்டில் திரும்பவும் அடுக்கி நிறுத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிற பயணிகள் “நம்ம கட்டடம்” என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு சிகிரியாவுக்குப் போய்விடுவார்கள்.

அதே தமிழ்நாட்டிலிருந்து வந்த இன்னொரு கூட்டம் இந்த வீதியால் நடந்து போனது. ஒருவர் இருவரல்ல, இலட்சக்கணக்கில். அவர்கள் நாலந்தாவில் கல் எதையும் நாட்டிவிட்டுப் போகவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேரைப் பற்றி எழுதச் சொன்னால் நான் மாத்தளையில் தொடங்கமாட்டேன். 25 கிலோமீற்றர் வடக்கே, எங்கள் அப்பா தேத்தண்ணிக் கடை வைத்திருந்த இந்த வீதியோரத்தில்தான் தொடங்குவேன்.

கோப்பிக் காலத்தில் தொண்டியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் தோணி ஏறியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. தலைமன்னாரிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். முன்னால் கங்காணி, பின்னால் அவருடைய கடன் கணக்கில் பெயர் எழுதப்பட்ட சனம், தலையில் சட்டி பானை, இடுப்பில் பிள்ளை. வரண்ட காலத்தில் குளங்கள் சேறாகக் கிடக்கும். அதைக் குடித்தால் வாந்திபேதி. அது தவறினால் அம்மை, அதுவும் தவறினால் மலேரியா. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போகக் கூட்டத்துக்குத் தெம்பில்லை. 1841க்கும் 1848க்கும் இடையில் 70,000 பேர் செத்தார்கள் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை எழுதியது. அந்தத் தொகை சரியா, மிகையா என்று வரலாற்றுக்காரர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். பிடுங்குப்படட்டும். பாதித் தொகை என்றாலும் இந்தக் காட்டுக்குள் 35,000 பிணம்.

தேயிலைக்கு வந்தவர்கள் வந்த இடத்திலேயே தங்கிவிட்டார்கள். கோப்பிக்கு வந்தவர்கள் அப்படியல்ல. பழம் பறிக்கிற பருவத்துக்கு வந்து, முடிந்ததும் கையில் கிடைத்ததோடு ஊருக்குத் திரும்புவார்கள். அடுத்த பருவத்துக்கு மறுபடி வருவார்கள். ஒரே வீதியில் போக்கும் வரவும். அரசாங்கம் கிணறு வெட்டியது, தங்குமடம் போட்டது, ஆஸ்பத்திரியும் வைத்தது. எல்லாம் ஆற அமர. துரைமாருக்கு ஆள் குறைந்தபோது வேகம் கூடியது, அவ்வளவுதான்.

இந்த வீதியில் நடந்தவர்கள் அவர்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1848 ஜூலை 26ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிய கிளர்ச்சிக்காரர்கள் மாத்தளைக்கு இறங்கியதும் இதே வழியால்தான். புதிய வரிகள்மேல் அவர்களுக்குக் கோபம். அதிலொன்று வீதி வரி: வருசத்தில் ஆறு நாள் வீதி வேலை செய், இல்லையென்றால் காசு கட்டு. வீதி யாருக்காக என்று சிங்களக் குடியானவனுக்குத் தெரியும்: கோப்பி போகவும் கூலி ஆள் வரவும். ஒரே வீதியின் பாரத்தைச் சுமந்த இரண்டு கூட்டத்தார் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு கடந்து போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பார்வை அடுத்த நூற்றாண்டிலும் தீரவில்லை.

எங்கள் அப்பாயி ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாயி இந்த வழியால் நடந்து வந்தவர். அப்பா தோட்டத்தை விட்டு நாலந்தாவில் கடை போட்டபோது, “போயும் போயும் அந்த ரோட்டுலயா?” என்று அப்பாயி கேட்டாராம். பிறகு வந்து தங்கிய நாட்களில், தெற்கே தெரிகிற மலையைக் காட்டி ஒன்று சொல்வார்: “இங்கன வந்துதான் எங்க அப்பாயி சோறாக்குச்சாம். மல கண்ணுல பட்டாப் பொழச்சோம்னு அர்த்தம்னு கங்காணி சொன்னாராம். ஆனா மாத்தளைக்குப் போய்ச் சேர முன்னாடியே கூட வந்த அக்கா மக போயிருச்சாம்.” எந்த நோய் என்று கேட்டால் “ஆத்தா” என்பதோடு நிறுத்திவிடுவார்.

ஆகவே வீதி முடிகிற ஊரில் அவர்கள் யாரைக் கும்பிட்டார்கள் என்பதில் புதிர் இல்லை. அம்மை போடுகிறவளும் இறக்குகிறவளும் ஒருத்திதான். முதலில் மரத்தடியில் ஒரு சிலை. கோயில் நிற்கிற இடம் வயலாக இருந்தது. 1852இல் நிலத்துக்காரர் அதை நன்கொடையாகக் கொடுத்தார். 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பணத்தில் கோயில் எழும்பியது. ஆறு வருசம் கழித்து, 1880இல், கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் என்றாகி, கால்நடைப் பாதை ஓய்ந்தது. அம்மன் மட்டும் அங்கேயே இருந்தாள்.

மாசிமகத்தன்று ஐந்து தேர். பிள்ளையார், சிவனும் பார்வதியும், முருகன், முத்துமாரி, சண்டேசுவரர். பஞ்சரத பவனி என்பது அழைப்பிதழில் போடுகிற பெயர். சனத்துக்கு அது ‘மாத்தளைத் தேர்’. எல்கடுவ, கந்தேநுவர, ஒபல்கல, ரத்தோட்டை, உக்குவளை என்று மலை மலையாக லொறியில் ஆள் இறங்கும். எங்கள் கடையில் அன்றைக்கு வியாபாரம் வடக்கேயிருந்து வருகிற வான்களால். விடியற்காலை மூன்று மணிக்கே அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துவிடுவார். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி முதல் நாளே ஒரு தேங்காயைக் கழுவி, மஞ்சள் பூசி, என் கையில் தந்துவிடுவார், கோயில் வாசலில் அவர் பெயரால் உடைக்க. அவருக்கு அது பத்தினித் தெய்யோவுக்குச் செய்கிற காரியம். எங்கள் வீட்டில் யாரும் திருத்தப் போகவில்லை. பேரனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை எங்கள் முற்றத்திலிருந்துதான் போனது.

மாத்தளைத் தேர் பெரிய தேர். அதன் வேர் தோட்டங்களில். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன். கூடவே வேலையிலிருந்து பிறந்த சாமிகள்: ஆலைச் சில்லுக்குக் காவல் ரோதமுனி, தேயிலைச் செடியை வெட்டுமுன் கும்பிடக் கவ்வாத்துசாமி. மாசி அமாவாசை கழிந்தால் காமன் கூத்து. மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம், பிறகு சிவன் எரிப்பார், ரதி அழுவாள். ரதி வேசம் கட்டியவர் பகலில் கான் வெட்டுகிற ஆள் என்பது தெரிந்தும் பெண்கள் தேம்பித் தேம்பி அழுவார்கள். வீரபத்திரன் வருகிறபோது சின்னப் பிள்ளைகள் லயத்துக்குள் ஓடி ஒளிவார்கள். நானும் ஓடியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அது செக்ரோலில் பிடித்தம். பெயர் போட்ட ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை வெட்டிவிடுவார். அந்தக் காலத்தில் அதைக் கையாண்டவர் பெரிய கங்காணி. திருவிழாவில் பரிவட்டமும் அவருக்கே. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். 1939இல் நேரு வந்துபோன கையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் கங்காணியின் பிடி தளரத் தளர, பரிவட்டம் சங்கத் தலைவரின் தலைக்கு மாறியது. மலையகத்தின் அரசியல் வரலாற்றைச் சட்டசபை அறிக்கைகளில் தேடுகிறவர்கள், எந்த வருசம் யாருக்கு முதல் விபூதி கொடுத்தார்கள் என்று ஒரு தோட்டத்துப் பூசாரியையும் கேட்டுப் பார்க்கலாம்.

திருவிழா என்பது சாமி கும்பிட மட்டும் கூடுகிற கூட்டமாக எங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் வருசப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருசம் விண்ணப்பிக்க ஒரு சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கத் தேரடியை விட வசதியான இடம் எது? அப்பா தோட்டத்தில் இருந்த காலத்தில் தேர் பார்க்கப் போய், பிறந்த திகதி கேட்டால் “அந்தப் பெரிய மழை வருசம்” என்று சொன்னவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துவிட்டுத் தேரே பார்க்காமல் திரும்பியதாகச் சொல்வார்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு பிரதமர்கள் முடித்தார்கள். எழுபதுகளில் ஒவ்வொரு மாசிமகமும் யாருக்கோ கடைசி மாசிமகம். என் பெரியப்பா குடும்பம் போகிற வருசம் பெரியம்மா தேர்வடத்திலிருந்து உரிந்து விழுந்த நாரில் ஒரு சாண் எடுத்து, தாலிக்கொடி வைத்திருந்த டப்பாவில் போட்டுக்கொண்டார். அவர்கள் போனது ரயிலில், தலைமன்னாருக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். முன்னோர் நடந்து வந்த வீதியைத் திரும்பிப் பார்க்கக்கூட அவர்களுக்கு வழியில்லை.

1983 ஜூலையில் கோயிலுக்குத் தீ வைத்தார்கள். நாலந்தாவில் நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு ஆச்சி வீட்டு நெல் அறையில் இருந்தோம். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி இங்கே வேண்டாம். கோயில் எழுந்த விதம்தான் என் விசயத்துக்கு வேண்டியது. இன்று மாத்தளைக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற 108 அடி இராஜகோபுரம், 1,008 சிலைகளோடு, அந்த எரிந்த இடத்தில் நிற்கிறது. உபயகாரர் பெயர்களைக் கல்லில் படிக்கலாம். தோட்டத்துச் சனத்தின் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் கல்லில் ஏறுவதில்லை. ரத்தோட்டை பஸ்ஸில் உண்டியல் குலுக்கிக்கொண்டு வந்த பையன்களுக்கு, தானே கடன் சொல்லித் தேத்தண்ணி குடிக்கிற கிழவரும் மடியை அவிழ்த்ததை நான் பார்த்தேன்.

நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி தீர 2003 வரை ஆனது. காணியும் வீடும் இன்னும் தீரவில்லை. அதனால்தான் 2023இல், மலையகம் 200 என்று நாடெங்கும் பேசிய வருசத்தில், ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. பதினொரு கோரிக்கைகள்: இந்த நாட்டுக்குச் செய்ததை அங்கீகரிக்க வேண்டும், சமமான பிரசைகளாக நடத்த வேண்டும், வாழ்வதற்கான கூலி வேண்டும், காணியும் வீடும் சொந்தமாக வேண்டும் என்ற வரிசையில். தம்புள்ளையிலிருந்து இறங்கி அவர்கள் எங்கள் பகுதியைக் கடந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வடக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பாதிரிமார், கன்னியாஸ்திரிகள் எல்லாரும் கூட வந்தார்கள். ஆச்சியின் பேரன், அந்த அம்மை போட்ட பேரன், இப்போது நரைத்துவிட்டார். தன் முச்சக்கர வண்டியில் தண்ணீர்ப் போத்தல்கள் ஏற்றிக்கொண்டு கூட்டத்தின் பின்னாலேயே போனார். இது என்ன பெரஹரா என்று ஒரு கடைக்காரர் கேட்டதற்கு, “இவங்கட பழைய பெரஹரா, இருநூறு வருசத்துக்குப் பிறகு திரும்ப வருது” என்று சிங்களத்தில் சொன்னாராம்.

நான் மாத்தளை வரை நடக்கவில்லை, முழங்கால் விடவில்லை. பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டேன். பந்தலும் மாலையும் முழக்கமுமாக இருந்தது ஊர். தேர்த் திருவிழா மாசியில் முடிந்துவிட்டது. ஆனால் வீதியோரம் நின்றவர்கள் தேர் பார்க்கிற வழக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்கள்.

இப்போது எங்கள் பழைய தோட்டத்தில் செக்ரோல் பிடித்தத்தை நம்பித் திருவிழா இல்லை. தேயிலையில் பெயர் போடுகிற ஆளே குறைவு. பையன்கள் கொழும்புக் கடைகளில், பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளில், சிலர் கட்டாரில். சந்தா வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, வங்கிக் கணக்கில் விழுகிறது. திருச்சியிலிருந்து பெரியப்பாவின் பேத்தியும் அனுப்புகிறாள். ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதால் வரவுசெலவு எழுதுகிற வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். குடும்பத்துக்கு 1,500 ரூபாய். செலவு போக மிஞ்சுவது ஓ.எல். எழுதுகிற பிள்ளைகளின் கணித வகுப்புக்கு என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். கரகம், தப்பு, அன்னதானம் இவற்றில் கை வைக்கக்கூடாது என்பதில் எனக்கும் சம்மதம். வெடிக்கு ஒதுக்கிய தொகையை முழுதாக வெட்டச் சொன்னேன். தலைவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள் என்றார். பாதியைத்தான் வெட்ட முடிந்தது.