படைவீரர் ஓய்வும் குடும்ப வரவு செலவும்: பந்தல்குடி வட்டாரம்

படைப்பணி முடித்து ஊர் திரும்பும் வீரரின் குடும்பம், ராணுவச் சம்பளத்தை விட்டு ஓய்வூதிய வாழ்க்கைக்கு மாறும்போது எடுக்க வேண்டிய பண முடிவுகளும், அதற்குக் கைகொடுக்கும் அரசு அமைப்புகளும் இக்கட்டுரையின் பொருள். விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை வட்டத்தில், மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் இருக்கிறது பந்தல்குடி. சுற்றிலும், வடகிழக்கே திருச்சுழி வரையிலும், பெரும்பகுதி மானாவாரிக் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசி விதைக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அருப்புக்கோட்டையின் நூற்பாலையும் தறியும் மற்ற பிழைப்புகள். மழை பொய்த்தாலும் மாதம் தவறாமல் வரும் பணத்துக்கு இங்கே இருக்கும் மதிப்பு, ஆற்றுப் பாசன ஊர்க்காரருக்கு எளிதில் விளங்காது.

ஓய்வு வரும் வயது

சிப்பாய் நிலையில் சேர்ந்தவர் 15 ஆண்டுப் பணி முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். பலர் 35 முதல் 40 வயதுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. படைவீரர் திரும்பும்போதோ பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், பெற்றோருக்கு மருத்துவச் செலவு தொடங்கியிருக்கிறது, அவருக்கே இன்னும் 20 ஆண்டு உழைப்பு மிச்சம் இருக்கிறது. அவருடைய பென்ஷன் முதுமைக்கான பணமன்று. குடும்பம் நடத்தும் பணத்தில் ஒரு பாதி. இதை வீட்டில் எல்லோரும் தெளிவாகப் புரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

பணியில் இருந்தவரை கண்ணில் படாத வருமானம் பல உண்டு. ரேஷன், சீருடை, குடியிருப்பு, விடுப்பில் வர ரயில் வாரண்டு, எல்லைப் பகுதிக்கான படிகள் எல்லாம் ஓய்வன்றே நின்றுவிடும். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி என்று சொன்னாலும், படிகள் அந்தக் கணக்கில் சேராததால் வீட்டுக்கு வரும் குறைவு பாதியைவிட அதிகம்.

செட்டில்மென்ட் பணமும் கமுட்டேஷனும்

பணிக்கொடை, சேமிக்கப்பட்ட விடுப்புக்கு 300 நாள் வரை ஈட்டுத்தொகை, படைவீரர் வருங்கால வைப்புநிதி, ராணுவக் குழுக் காப்பீட்டின் முதிர்வுத்தொகை ஆகியவை ஓய்வை ஒட்டி அடுத்தடுத்து வங்கிக் கணக்கில் வந்து சேரும். இவற்றோடு கமுட்டேஷன் என்ற தொகுப்புத் தொகையும் உண்டு. படைவீரர் தம் ஓய்வூதியத்தில் 50 விழுக்காடு வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். 15 ஆண்டு கழித்து முழு ஓய்வூதியம் திரும்பக் கிடைக்கும்.

கணக்குக்காக அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதியை விட்டுக்கொடுத்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 40 வயதுக்குள் இருப்பவருக்கு அதன் 9 மடங்குக்குச் சற்று அதிகம், ஏறத்தாழ 11 லட்சம், கையில் வரும். 15 ஆண்டில் பிடிக்கப்படுவது 18 லட்சம். பார்த்தவுடன் நட்டம்போலத் தெரியும். வட்டியாகப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஏழரை விழுக்காட்டை ஒட்டித்தான் வருகிறது. அகவிலைப்படி குறைத்த தொகைக்கன்றி முழு ஓய்வூதியத்துக்கே கணக்கிடப்படுகிறது. இடையில் வீரர் இறந்துவிட்டால் மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் எதுவும் பிடிப்பதில்லை. ஆகவே கமுட்டேஷன் வாங்குவதில் தவறில்லை. வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதில்தான் ஆபத்து.

வறண்ட சீமையில் அது போகும் வழிகள் தெரிந்தவைதாம். வீடு கட்டுவது முதலாவது. மூன்று அறை போதும் என்று தொடங்கியது மாடி வரை ஏறிவிடும். சாலையோர மனை அடுத்தது. பத்திரம் மட்டும் பார்த்து, வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது போர்வெல். பாட்டன் காட்டில் தண்ணீர் எடுத்துத் தோட்டமாக்கிவிட வேண்டும் என்ற ஆசை, பல காலம் பாலைவனத்திலும் பனிமலையிலும் நின்றவருக்கு வருவது நியாயம்தான். ஆனால் அடிக்கணக்கில் கூலி ஏற ஏற, குழாயிலிருந்து வெறும் புகை வரும் நிலத்தில் இரண்டாவது துளை, மூன்றாவது துளை என்று போவதைப் போலச் செட்டில்மென்ட் பணத்தைக் கரைப்பது வேறில்லை. எந்தப் பத்திரமும் இல்லாமல் சொந்தக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது நான்காவது. “மிலிட்டரிக்காரர் வீட்டில் பணம் வந்திருக்கிறது” என்ற செய்தி ஊருக்குள் வேகமாகப் பரவும்.

அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் படையில் ஓய்வு பெற்றவர்க்கு 50 வயதிலேயே சேரச் சலுகை உண்டு. 38 வயதுக்காரருக்கு அதுவும் எட்டாது. அவருக்குப் பொருந்துவது அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டம். 2023 ஏப்ரல் முதல் ஒருவர் பெயரில் 9 லட்சமும் கூட்டுக் கணக்கில் 15 லட்சமும் போடலாம். ஐந்தாண்டுக்கு அசல் கட்டிப்போட்டதுபோல் இருக்கும் என்பதே இதன் பெரிய நன்மை. முதல் ஆண்டில் பெரிய முடிவு எதுவும் எடுக்காமல் பணத்தை இப்படி நிறுத்திவைப்பதே, இக்கட்டுரையாளர் கருத்தில், மற்ற எல்லா யோசனையையும்விட மேலானது.

மனைவியும் ஆவணங்களும்

வீரர் வெளியூரில் இருந்த காலமெல்லாம் மணியார்டரிலும் பிறகு வங்கியிலும் வந்த பணத்தில் குடும்பம் நடத்தியவர் மனைவி. எந்தக் கடையில் பாக்கி, எந்த நகை அடகில், பள்ளிக்கு எப்போது கட்டணம் என்பது அவருக்குத்தான் தெரியும். ஓய்வுக்குப் பிறகு கணக்கு முழுவதும் கணவர் கைக்கு மாறி, மனைவிக்கு எதுவும் தெரியாமல் போவது இந்த மாற்றத்தின் பெரிய பிசகு. ஓய்வூதிய ஆணை எண்கூடத் தெரியாமல் விதவையாகி, அலுவலகம் அலுவலகமாக அலையும் பெண்களின் துயரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படைவீரரின் திருமணம், குழந்தைப் பிறப்பு ஆகியவை பணிக்காலத்தில் ‘பார்ட் டூ ஆர்டர்’ வழியாகப் பதிவாகின்றன. தமிழ்ப் பெயர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். தகப்பனார் முன்னெழுத்து ஓரிடத்தில் விரிந்திருக்கும், வேறிடத்தில் கணவர் பெயராக மாறியிருக்கும். டிஸ்சார்ஜ் புக், ஆதார், வங்கிக் கணக்கு, ஓய்வூதிய ஆணை நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று வீரர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துத் திருத்திவிட வேண்டும். குடும்ப ஓய்வூதியம் முதலில் சில ஆண்டு உயர்த்திய வீதத்திலும் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடாகவும் வருவதால், வீட்டுக் கடனை அந்தக் குறைந்த தொகைக்கு ஏற்பவே வாங்குவது நல்லது.

இப்போது ஓய்வூதியம் பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தின் ‘ஸ்பர்ஷ்’ முறையில் நேரடியாக வருகிறது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ்வுச் சான்று தராவிட்டால் நின்றுவிடும்.

துணை அமைப்புகள்

விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகமே முதல் வாசல். அடையாள அட்டை, கல்வி உதவி, விதவையர் உதவி எல்லாம் அங்கே தொடங்கும். 1986இல் தொடங்கிய ‘டெக்ஸ்கோ’ கழகம் பாதுகாவலர் வேலை தருகிறது. 2003 முதல் நடக்கும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் பெற்றோரையும் சார்ந்தோராகச் சேர்க்க வழியுண்டு. பெற்றோரின் வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. தொழில் தொடங்க விரும்புவோருக்கு, 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் 1 கோடி ரூபாய் வரை கடனும், 30 விழுக்காடு முதலீட்டு மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது.

அக்னிவீரர்கள்

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்க்கு நான்காண்டுதான் பணி. 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்க்கு ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. சேவா நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம் மட்டும். இதில் 9 லட்சத்தை மாதாந்திர வருமானத் திட்டத்தில் 7.4 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் மாதம் 5,550 ரூபாய் வரும். சிப்பாயின் ஓய்வூதியத்துக்கு இது ஈடாகாது. முதல் அணி 2026 இறுதியிலிருந்து வெளிவரத் தொடங்கும். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும், மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 விழுக்காடு ஒதுக்கீடும் 2022இல் அறிவிக்கப்பட்டன. இருபத்தைந்து வயதை ஒட்டித் திரும்பும் இந்த இளைஞருக்கு வேலை அமையும்வரை, சேவா நிதியைத் தங்கையின் கல்யாணத்துக்கோ வீட்டு அஸ்திவாரத்துக்கோ கேட்காமல் குடும்பம் பொறுத்திருக்க வேண்டியிருக்கும்.